பெரிய கோப்பும் கையில் நிற்கும் மிச்சமும்

தண்டையார்பேட்டையில் வாரக் கடைசியில் சில பிள்ளைகளுக்கு பைத்தான் என்ற நிரல் மொழி சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் ஒரு பெண், காசிமேட்டுக்காரி, மணலி பக்கம் ஒரு டிரெயிலர் கம்பெனியில் கணக்கு வேலைக்குச் சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, ப்ரோக்ராம்ல தப்பே இல்லக்கா. சின்ன ஃபைல் குடுத்தா ஓடுது. பெருசா குடுத்தா மவுஸ்கூட நகர மாட்டேங்குது."

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் டிரெயிலர்கள் வரிசை கட்டி நிற்பது வடசென்னையில் எல்லோரும் பார்த்ததுதான். எந்த வண்டி, எங்கே, எவ்வளவு நேரம் நின்றது என்று கணக்கெடுக்கச் சொல்லியிருந்தார்கள். வண்டிகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவி 10 நொடிக்கு ஒரு முறை ஒரு வரி அனுப்புகிறது. வரி இப்படி இருக்கும்:

47,2024-06-18,05:42:10,0,காசிமேடு

வண்டி எண், தேதி, நேரம், வேகம், இடம். வேகம் 0 என்றால் வண்டி நிற்கிறது. அவ்வளவுதான். இது எப்படி ஒரு லேப்டாப்பை முடக்குகிறது என்று பென்சிலும் காகிதமும் எடுத்துக் கணக்குப் போட்டோம். ஒரு நாளைக்கு 86,400 நொடி. 10 நொடிக்கு ஒரு வரி என்றால் ஒரு வண்டிக்கு 8,640 வரி. 200 வண்டிக்கு 17 லட்சத்து 28 ஆயிரம். மூன்று மாதத்துக்கு, அதாவது 90 நாளைக்கு, 15 கோடியே 55 லட்சம் வரி. ஒரு வரிக்குச் சுமார் 50 பைட் என்று வைத்தால் 7.8 ஜிபி. அவளுடைய லேப்டாப்பில் ரேம், அதாவது நிரல் ஓடும்போது தரவு தங்கும் நினைவகம், 8 ஜிபி.

"அப்ப 8-க்குள்ள 7.8 அடங்கணும்தானே அக்கா?"

நல்ல கேள்வி. முதலில், அந்த 8 ஜிபியில் இயங்குதளமும் பிரவுசரும் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கின்றன. அதைவிட முக்கியமான இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. டிஸ்க்கில் இருக்கும் அளவும் ரேமுக்கு வந்தபின் இருக்கும் அளவும் ஒன்றல்ல. யூடிஎஃப்-8 என்ற, எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் முறையில் சேமித்த கோப்பில் ஆங்கில எழுத்துக்கும் இலக்கத்துக்கும் 1 பைட், க, ா, ி போன்ற தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து (2012) ரேமில் வேறு கணக்கு. ஒரு சரத்தில், அதாவது ஓர் உரைத் துணுக்கில், இருக்கும் எல்லாக் குறிகளும் ஒரே அகலத்தில் வைக்கப்படும். எல்லாமே ஆங்கிலமும் இலக்கமும் என்றால் ஒரு குறிக்கு 1 பைட். நடுவில் ஒரே ஒரு தமிழ்க் குறி வந்தாலும் அந்தச் சரம் முழுக்கக் குறிக்கு 2 பைட். எமோஜி ஒன்று வந்துவிட்டால் 4.

மேலே உள்ள வரியில், வரி முடிவைக் காட்டும் புதுவரிக் குறியையும் சேர்த்து 34 குறிகள். டிஸ்க்கில் 50 பைட், ரேமில் 68 பைட். முழுக் கோப்பையும் ஒரே சரமாக வாங்கினால் 10.6 ஜிபி. அவள் செய்திருந்தது அதைவிடக் கனமானது. ரீட்லைன்ஸ் என்ற கட்டளையால் எல்லா வரிகளையும் ஒரு பட்டியலாக வாங்கியிருந்தாள். பைத்தானில் தமிழ் கலந்த ஒவ்வொரு சரத்துக்கும் அதன் உள்ளடக்கம் போக 50 பைட்டுக்கு மேல் தலைச்சுமை உண்டு. பட்டியலில் அதற்கு ஓர் இடம் என்று இன்னும் 8 பைட். 15 கோடி வரிக்கும் அந்தச் சுமையைக் கூட்டினால் 20 ஜிபியைத் தாண்டும். ரேம் போதாதபோது இயங்குதளம் டிஸ்க்கையே ரேமாகப் பாவித்து அங்கும் இங்கும் மாற்றி மாற்றி வைக்கப் பார்க்கும். டிஸ்க்கின் வேகம் ரேமுக்குப் பக்கத்தில்கூட வராது. மவுஸ் நகராமல் நின்றதற்குக் காரணம் அதுதான்.

அவளுக்குப் புரியவைக்க அவள் தெருவிலேயே உதாரணம் இருந்தது. தடைக்காலம் முடிந்து ஜூன் 15-க்கு அப்புறம் கடலுக்குப் போன விசைப்படகுகள் நாள் கணக்கில் தங்கிவிட்டு காசிமேட்டுக்குத் திரும்புகின்றன. படகின் அடியில் ஐஸ் போட்டு அடுக்கிய மீன் டன் கணக்கில் இருக்கும். அத்தனையையும் ஒரே நேரத்தில் ஏலத் தரையில் கொட்டுவதில்லை. கூடை கூடையாக மேலே வரும். ஒரு கூடையை ஏலம் விட்டு, விலையைக் குறித்துக்கொண்டு, அடுத்த கூடை. ஏலம் விடுகிறவர் முன்னால் எப்போதும் ஒரு சில கூடைதான். அவர் கையில் ஒரு சிட்டை. படகில் 2 டன் இருந்தாலும் 10 டன் இருந்தாலும் ஏலத் தரையின் அளவு மாற வேண்டியதில்லை.

கோப்பைத் துண்டு துண்டாகப் படிப்பது இதேதான். டிஸ்க்கிலிருந்து ஒரு துண்டை ரேமுக்குக் கொண்டு வா. வேலையை முடி. சிட்டையில் குறி. துண்டை விட்டுவிடு. அடுத்த துண்டு. கோப்பு 8 ஜிபியோ 800 ஜிபியோ, ரேமில் இருப்பது ஒரு துண்டும் ஒரு சிட்டையும் மட்டும்.

பைத்தானில் இதன் மிக எளிய வடிவம், திறந்த கோப்பின் மீது நேரடியாக ஃபார் சுற்று ஓட்டுவது. 'கோப்பில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் இதைச் செய்' என்று எழுதினால், பைத்தான் ஒவ்வொரு வரியாகத்தான் கையில் கொடுக்கும். ரீட்லைன்ஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கோப்பையே வைத்தால் போதும், ஒரு சொல் அழிந்தால் 20 ஜிபி குறையும். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வரி வரியாக இருக்கும் உரைக் கோப்பு என்றால் இதற்கு மேல் எதுவும் தேவைப்படாமலேயே பெரும்பாலான வேலைகள் முடிந்துவிடும்.

வரிக்கு வரி டிஸ்க்கைத் தொட்டால் மெதுவாகிவிடாதா என்று கேட்கலாம். தொடுவதில்லை. உள்ளே ஒரு பஃபர், அதாவது படித்ததைத் தற்காலிகமாக வைக்கும் இடம், இருக்கிறது. பைத்தானில் பல ஆண்டுகளாக அதன் வழக்கமான அளவு 8,192 பைட்டாக இருந்தது. டிஸ்க்கிலிருந்து அந்த அளவு மொத்தமாக வரும், நமக்கு அதிலிருந்து வரி வரியாகப் பிரித்துக் கொடுக்கப்படும். ஜாவா என்ற நிரல் மொழியின் பஃபர்டுரீடரும் இதே வேலையைத்தான் செய்கிறது. நாம் துண்டு என்று நினைக்காமல் எழுதும் நிரல்கூட அடியில் துண்டு துண்டாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறது.

வரி என்ற ஒழுங்கே இல்லாத கோப்புகள் உண்டு. படம், வீடியோ, ஜிப். சில நேரம் வரி இருந்தும் வேகத்துக்காக நாமே அளவு சொல்லி எடுக்க வேண்டியிருக்கும். அப்போது ரீட் கட்டளைக்கு ஒரு எண்ணைக் கொடுக்கிறோம், இத்தனை பைட் கொடு என்று. கோப்பு தீர்ந்துவிட்டால் வெறுமையாகத் திரும்பும். அதுதான் நிறுத்தச் சொல்லும் அடையாளம். இங்கே ஒரு சின்னப் பள்ளம் இருக்கிறது. கோப்பை பைனரி முறையில், அதாவது உரையாக மாற்றாமல் பைட்டாகவே, திறந்திருந்தால் திரும்புவது வெற்று பைட். அதை வெற்று உரையோடு ஒப்பிட்டால் பைத்தான் 3-இல் இரண்டும் சமம் என்று வரவே வராது. சுற்று முடிவில்லாமல் ஓடும். ஒப்பிடாமல் 'துண்டில் ஏதாவது இருக்கிறதா' என்று மட்டும் கேட்டால் இரண்டு முறைக்கும் சரியாக வரும்.

துண்டின் அளவு எவ்வளவு? பைட் பைட்டாக, பஃபரும் இல்லாமல் கேட்டால் இந்தக் கோப்புக்கு இயங்குதளத்தை 778 கோடி முறை கூப்பிட வேண்டும். 8,192 பைட்டாகக் கேட்டால் ஒன்பதரை லட்சம் முறை. 1 எம்பியாகக் கேட்டால் 7,400 சொச்சம். அதற்கு மேல் கூட்டிக்கொண்டே போனால் வேகத்தில் பெரிய லாபம் கிடைக்காது, ரேம்தான் போகும். 64 கேபிக்கும் சில எம்பிக்கும் நடுவில் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள், அதைப் பற்றி அதிகம் யோசிக்காதே என்பேன்.

இனிமேல் வருவதில்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள். காசிமேட்டில் கூடை நிறைந்துவிட்டது என்பதற்காக ஒரு வஞ்சிரத்தைப் பாதியில் வெட்டி, தலையை இந்தக் கூடையிலும் வாலை அடுத்த கூடையிலும் யாரும் போடமாட்டார்கள். ரீட் போடும். அதற்கு மீன் தெரியாது, எண்ணிக்கை மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெண்ணுக்கு இதைக் கண்ணால் காட்டினேன். மேலே உள்ள அதே வரி திரும்பத் திரும்ப வரும் ஒரு சோதனைக் கோப்பைச் செய்தோம். வரிக்குச் சரியாக 50 பைட்: காற்புள்ளிகளோடு முதல் நான்கு விவரங்களுக்கு 25, காசிமேடு என்ற சொல்லுக்கு 24, புதுவரிக்கு 1. பைனரி முறையில் 8,192 பைட் எடுத்தால் 163 முழு வரிகள் அடங்கும், அது 8,150 பைட். மீதி 42 பைட் 164-ஆவது வரியிலிருந்து வரும். அந்த 42-இல் 25 போனால் தமிழுக்குக் கிடைப்பது 17. காசிமேடு என்ற சொல், கணினிக்கு க, ா, ச, ி, ம, ே, ட, ு என்று 8 குறிகள். 17 பைட்டில் முதல் 5 குறிகள் முழுதாக வந்துவிடும், 15 பைட். மிச்சம் 2 பைட். அடுத்த குறியான ஏகாரக் கொம்பு கணினியில் 224, 175, 135 என்று மூன்று எண்கள். முதல் இரண்டு இந்தத் துண்டில். 135 மட்டும் தனியாக அடுத்த துண்டின் வாசலில் நிற்கிறது.

இந்தத் துண்டை உரையாக மாற்றச் சொன்னால் பைத்தான் யூனிகோட் டீகோட் எரர் என்று நின்றுவிடும். நிற்பது நல்லது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, 'பிழைகளைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு சொல்லைச் சேர்ப்பது. சேர்த்தால் பிழை போய்விடும். ஏகாரக் கொம்பும் போய்விடும். காசிமேடு, காசிமடு ஆகிவிடும். கடைசியில் இட வாரியாகக் கூட்டும்போது காசிமேட்டுக்கு ஒரு கணக்கு, காசிமடு என்று இல்லாத ஓர் ஊருக்கு ஒரு கணக்கு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. தமிழில் தரவு வைத்திருக்கும் நாம்தான் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைச் சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

கோப்பை உரை முறையில் யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் பைத்தான் பாதிக் குறியைத் தானே பிடித்து வைத்திருந்து அடுத்ததோடு சேர்த்துக்கொள்ளும். அங்கே ரீட் கட்டளை பைட்டை எண்ணாது, குறியை எண்ணும். ஆனால் நாம் எழுத்து என்று நினைப்பதும் அது குறி என்று நினைப்பதும் வேறு. 5 குறி கேட்டால் 'காசிம' வரும், கொம்பு தனியாக அடுத்த துண்டுக்குப் போகும். ஒட்டினால் சரியாகிவிடும், ஒட்டாமல் எழுத்தை எண்ணினால் தப்பாகும். வரி நடுவில் அறுபடுவதும் அப்படியே இருக்கிறது.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றுதான். அறுபட்ட வாலைத் தூக்கி எறியாமல் கையில் வைத்திருந்து, அடுத்த துண்டின் தலையோடு ஒட்டுவது. தமிழிலேயே எழுதினால் இப்படி:

மிச்சம் = வெற்று
கோப்பு தீரும் வரை:
  துண்டு = அடுத்த 10 லட்சம் பைட்
  மொத்தம் = மிச்சம் + துண்டு
  மொத்தத்தில் கடைசிப் புதுவரிக் குறியைத் தேடு
  அதுவரை உள்ள வரிகளைக் கணக்குக்கு அனுப்பு
  மிச்சம் = அதற்குப் பின்னால் உள்ளது
மிச்சத்தில் ஏதாவது இருந்தால் அதையும் கணக்குக்கு அனுப்பு

கடைசி வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கோப்பின் இறுதி வரிக்குப் பின்னால் புதுவரிக் குறி இல்லாமல் போவது சாதாரணம். அப்போது அந்த வரி மிச்சத்திலேயே கிடக்கும், யாரும் எடுக்காவிட்டால் ஒரு வரி குறையும். 15 கோடியில் ஒன்று என்று விட்டுவிடக் கூடாது. கணக்கு கணக்குதான்.

இன்னொன்று. பைட்டாகவே வைத்துக்கொண்டு புதுவரியில் வெட்டினால் தமிழ் எழுத்து அறுபடுமோ என்ற பயம் வேண்டாம். புதுவரிக் குறியின் எண் 10. யூடிஎஃப்-8-இல் தமிழ்க் குறியின் மூன்று பைட்டுகளும் எப்போதும் 128-ஓ அதற்கு மேலோதான் இருக்கும். 10 என்ற பைட் வந்தால் அது புதுவரியேதான், எந்த எழுத்தின் வயிற்றுக்குள்ளும் அது இருக்காது. 1992-இல் கென் தாம்சனும் ராப் பைக்கும் இந்த முறையை வடிவமைத்தபோது இப்படி அமைத்தார்கள். எங்கிருந்து படிக்கத் தொடங்கினாலும் எழுத்தின் எல்லை எது என்று கண்டுபிடித்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

(சிஎஸ்வி கோப்பில், அதாவது இந்த மாதிரி காற்புள்ளியால் பிரித்த கோப்பில், மேற்கோள் குறிக்குள் புதுவரி இருக்கலாம், முகவரி எழுதும் கட்டங்களில் அடிக்கடி வரும். அந்த மாதிரிக் கோப்பை நாமே வெட்டக் கூடாது. பைத்தானின் சிஎஸ்வி மாட்யூலிடம் கொடுத்துவிட வேண்டும். அதுவும் ஒவ்வொரு பதிவாகத்தான் கொடுக்கும்.)

சரி, வரி அறுபடவில்லை. எழுத்தும் அறுபடவில்லை. அப்புறமும் அவளுக்குக் கணக்கு இடித்தது. பாண்டாஸ் என்ற பைத்தான் தரவுக் கருவியில் சங்க்சைஸ் என்று ஓர் எண் கொடுத்தால் அதுவே இத்தனை வரிக்கு ஒரு துண்டு என்று தரும். லட்சம் லட்சமாக எடுத்திருந்தாள், மொத்தம் 1,555 துண்டுக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு துண்டிலும் வண்டிகள் நின்ற நேரத்தின் சராசரியைக் கண்டுபிடித்து, கடைசியில் அந்தச் சராசரிகளுக்குச் சராசரி எடுத்தாள். இது தப்பு. ஒரு துண்டில் 4 நிறுத்தம், சராசரி 30 நிமிடம். இன்னொன்றில் ஒரே ஒரு நிறுத்தம், 180 நிமிடம். சராசரிக்குச் சராசரி 105 வரும். உண்மையில் மொத்தம் 300 நிமிடம், 5 நிறுத்தம், சராசரி 60. துண்டிலிருந்து கூட்டுத்தொகையையும் எண்ணிக்கையையும் மட்டும் எடுத்து வைத்து, வகுப்பதைக் கடைசியில் ஒரே ஒரு முறை செய்ய வேண்டும்.

அதைத் திருத்தினாள். ஆனாலும் மிக நீளமான நிறுத்தம் எதுவென்று பார்த்தால் எல்லா வண்டிக்கும் சுமார் 83 நிமிடத்தோடு நின்றது. ஒன்றுகூட அதைத் தாண்டவில்லை. "ரோட்டுல மூணு மணி நேரம் நிக்குதுக்கா, நானே பஸ்ல போறப்ப பாக்குறேன்" என்றாள். அவள் கண் பொய் சொல்லவில்லை. 200 வண்டி, 10 நொடிக்கு ஒரு வரி. லட்சம் வரி என்றால் 500 சுற்று, 5,000 நொடி, அதாவது 83 நிமிடம் 20 நொடி. ஒரு துண்டு என்பதே 83 நிமிடம்தான். அதைவிட நீளமான எந்த நிறுத்தமும் துண்டின் விளிம்பில் இரண்டாகவோ மூன்றாகவோ வெட்டுப்பட்டு, தனித்தனி நிறுத்தங்களாகக் கணக்கில் ஏறியிருந்தது. வெட்டுப்பட்ட மீன் இங்கேயும் வந்துவிட்டது. இந்த முறை அறுபட்டது எழுத்தோ வரியோ அல்ல, ஒரு வண்டியின் காத்திருப்பு.

மருந்து அதேதான். துண்டு மாறினாலும் மறக்கக் கூடாதது எது என்று கேட்க வேண்டும். இங்கே மறக்கக் கூடாதது, ஒவ்வொரு வண்டியும் எப்போதிலிருந்து நிற்கிறது என்பது. அதற்கு ஓர் அகராதி போதும், வண்டி எண்ணைச் சொன்னால் அதற்கு எழுதி வைத்ததைத் தரும் பைத்தான் குறிப்பேடு. வேகம் 0 என்று வந்து அந்த வண்டி எண் அகராதியில் இல்லையென்றால் நேரத்தையும் இடத்தையும் எழுதிக்கொள். ஏற்கெனவே இருந்தால் விட்டுவிடு. வேகம் 0-க்கு மேல் வந்தால், எழுதியிருந்த நேரத்தைக் கழித்து நிறுத்தத்தைக் கணக்கில் ஏற்றிவிட்டு, எண்ணை அடித்துவிடு. இந்த அகராதியைத் துண்டுச் சுற்றுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் ஒவ்வொரு துண்டுக்கும் அது புதிதாகப் பிறந்து எல்லாவற்றையும் மறந்துவிடும். அவள் நிரலில் நடந்தது அதுதான். 15 கோடி வரியைப் படிக்க, கையில் நிற்க வேண்டியது அதிகபட்சம் 200 பதிவு.

எல்லாக் கேள்விக்கும் இவ்வளவு சின்னச் சிட்டை போதாது. கூட்டுத்தொகை, எண்ணிக்கை, பெரியது, சிறியது எல்லாம் சுலபம். கோப்பு கெடாமல் வந்ததா என்று பார்க்கும் ஷா-256 கைரேகையும் துண்டு துண்டாகவே சேர்த்துக்கொண்டு போகக்கூடியது. இடைநிலை மதிப்பு அப்படிச் சுலபமாக வராது, வரிசையில் நடுவில் யார் என்று தெரிய எல்லோரையும் பார்க்க வேண்டும். ஆனால் நிறுத்தங்களை நிமிட அளவில் எடுத்துக்கொண்டால் வழி இருக்கிறது. 1 நிமிட நிறுத்தம் எத்தனை, 2 நிமிட நிறுத்தம் எத்தனை என்று எண்ணி வைத்தால் நடு எங்கே விழுகிறது என்று கடைசியில் எண்ணிவிடலாம். முழுக் கோப்பையும் வரிசைப்படுத்த வேண்டுமென்றால் துண்டுகளைத் தனித்தனியாக வரிசைப்படுத்தி டிஸ்க்கில் எழுதி, பிறகு ஒன்றாகக் கோக்க வேண்டும். அது தனி வேலை.

இதைப் படித்துவிட்டு 20 எம்பி கோப்புக்கும் துண்டு போட வேண்டாம். சின்னக் கோப்பை முழுதாகப் படிப்பதே நல்லது. நிரல் சுருக்கமாக இருக்கும், விளிம்புத் தொல்லை எதுவும் கிடையாது.

அகராதியை வெளியே நகர்த்தி ஓட்டினோம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்தோம், நினைவகக் கோடு ஏறாமல் படுத்தே இருந்தது. மவுஸ் நகர்ந்தது, பாட்டுகூடக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஓடி முடிந்தபோது மூன்று மணி நேர நிறுத்தங்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. அப்புறம் அவளே அகராதியை அச்சிட்டுப் பார்த்தாள். காலியாகவில்லை. சில வண்டி எண்கள் இன்னும் உள்ளே இருந்தன.

"இது என்னக்கா, மிச்சம்?"

கோப்பு 90-ஆவது நாள் நள்ளிரவில் முடிகிறது. அந்த நேரத்தில் வரிசையில் நின்ற வண்டிகள் அவை. கிளம்பிய வரி அடுத்த கோப்பில் இருக்கிறது. அவற்றை நள்ளிரவோடு முடித்துவிடலாமா, விட்டுவிடலாமா என்று பேசினோம். முடித்தால் காத்திருப்பு குறைவாகக் காட்டும். விட்டால் நின்றதே தெரியாமல் போகும். கடைசியில் அவள் அந்த எண்களையும் நேரங்களையும் ஒரு சின்னக் கோப்பில் எழுதி, அடுத்த கோப்பைத் தொடங்கும்போது முதலில் அதைப் படிக்கும்படி இரண்டு வரி சேர்த்தாள்.